பேர் போட்ட காசு

தேயிலைத் தோட்டத்தில் ‘பேர்’ என்பது ஆளைக் கூப்பிடும் பெயர் மட்டுமில்லை. ஒரு நாள் வேலைக்கும் அதுதான் பெயர். சொன்ன கிலோ கொழுந்தைப் பறித்துக் கொடுத்தால் ஒரு பேர் விழும். குறைந்தால் அரைப்பேர். “இந்த மாசம் பதினெட்டு பேர்தான்” என்று ஒரு பெண் சொன்னால், மழையோ காய்ச்சலோ பிள்ளையின் பள்ளிக்கூடமோ மற்ற நாட்களைத் தின்றுவிட்டது என்று அர்த்தம். இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்த சொல் இது. அதைக் கொண்டுவந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் நீலகிரியின் கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பக்கத்தில், தோட்டம் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகளில் இருக்கிறார்கள்.

இப்படி விழுந்த பேர்களெல்லாம் சேர்ந்து ஒருநாள் காசாகத் திரும்பி வருகின்றன. வேலையை விடும்போது வருகிற பி.எஃப். பணம் அது. 58 வயது முடிந்து விடுபவர்கள் உண்டு. முழங்கால் தேய்ந்து 45-லேயே விடுபவர்கள் உண்டு. 28 வயதில் பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறுபவர்கள்தான் இப்போது அதிகம் கண்ணில் படுகிறார்கள். தொகை பெரிதாக இருக்காது. இரண்டு வருடம் வேலை செய்தவருக்கு முப்பதாயிரத்தை ஒட்டி வரும். ஏழெட்டு வருடம் செய்தவருக்கு ஒன்று, ஒன்றரை லட்சம். ஆனால் அந்தக் குடும்பம் ஒரே தடவையில் கையில் வாங்கிப் பார்த்த பெரிய தொகை பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். அதை என்ன செய்யலாம் என்று சொல்லச் சுற்றிலும் ஆளிருக்கிறது. நகை எடு என்பார்கள், சீட்டில் போடு என்பார்கள், மூணு சென்ட் இடம் விலைக்கு வருது என்பார்கள்.

ரூபாயை என்ன செய்வது என்ற கேள்விக்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. வருடங்களை என்ன செய்யப் போகிறீர்கள்? இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டும். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவு செய்தது. 3 லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 10 வருடம் கழித்து இந்திரா காந்தியும் சிறிமாவும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்த எண்களைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதே ஒப்பந்தத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. திரும்பிப் போகிறவர்கள் தங்கள் சொத்துகளைக் கொண்டுபோகலாம், சேமலாப நிதியும் பணிக்கொடையும் அதில் அடக்கம் என்கிறது அது. ஒரு குடும்பம் கொண்டுபோகும் தொகைக்கு வைக்கும் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு நாடுகளின் பிரதமர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் தோட்டத் தொழிலாளியின் பி.எஃப். பணத்துக்கு ஒரு பத்தி! நீலகிரித் தேயிலைத் தொழிலாளர் வரலாற்றில் ஒரு பகுதி அந்தப் பத்தியோடுதான் தலைமன்னாரில் படகேறியது.

அந்தக் காசு இங்கே வந்து என்ன ஆனது? மண்டபம் முகாமில் இறங்கியவர்களில் பலருக்கு அரசு தொழிற்கடன் கொடுத்தது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்கள் முன்பின் தெரியாத ஊரில் கடை வைத்துப் பிழைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கடைகள் நிற்கவில்லை, கடனும் நிற்கவில்லை. சமவெளியில் தோற்றவர்கள் தெரிந்த வேலையையும் தெரிந்த குளிரையும் தேடி மலையேறினார்கள். இப்படித் திரும்பியவர்களைக் குடியமர்த்தத்தான் 1968-ல் வனத்துறை வழியாக அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1976-ல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. ஊர்க்காரர்கள் வாயில் ‘டேன்டீ’.

இந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. இலங்கையின் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி வந்த சேமலாப நிதி மொத்தமாகக் கையில் தரும் பணம். அதில் மாதாமாதம் வரும் ஓய்வூதியம் என்று ஒன்று இல்லை. ஆக, மலையகத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பி.எஃப்., மொத்தமாக வாங்கி, எண்ணி, சேலைத் தலைப்பில் முடிந்துகொள்ளும் காசு. இந்தியாவில் 1995 நவம்பர் 16 முதல் அதே பிடித்தத்துக்குள் ஒரு பென்ஷனும் ஒளிந்திருக்கிறது. ஆனால் லைன் வீடுகளில் அதற்கு இன்னும் ஒரு சொல்கூடப் பிறக்கவில்லை. “கணக்கு முடிச்சாச்சா?” என்றுதான் கேட்கிறார்கள். முடிக்காமலும் விடலாம் என்பது பேச்சில் வருவதே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாள் சம்பளம் 400 ரூபாய், மாதம் 22 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் 8,800. தொழிலாளியிடம் பிடிப்பது 12 சதவீதம், 1,056 ரூபாய். நிர்வாகமும் 12 சதவீதம் கட்டுகிறது. ஆனால் பாஸ்புக்கில் நிர்வாகத்தின் பங்காக 323 ரூபாய்தான் தெரியும். “என் காசில் மூணு பங்குக்கு ரெண்டு பங்கை ஆபீஸ்ல தின்னுட்டாங்க” என்று சந்தேகப்படுகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் சந்தேகப்படுகிறார்கள். தின்னவில்லை. 8.33 சதவீதம், அதாவது 733 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. பாஸ்புக்கில் அது தனிப் பத்தியில் இருக்கும். அதற்கு வட்டி கிடையாது. அது வளர்வது வருடங்களாக மட்டும்தான்.

இதே கணக்கில் 7 வருடம் வேலை செய்து ஒருவர் விடுகிறார். இப்போதைய 8.25 சதவீத வட்டியில் பி.எஃப். தொகை ஒன்றரை லட்சம் ரூபாயைத் தொடும். அதைக் கேட்டு வாங்கப் படிவம் 19. கூடவே 10-சி என்று ஒரு படிவத்தையும் நிரப்பச் சொல்வார்கள். அதைப் போட்டால் ஓய்வூதியப் பங்குக்காக ஏறக்குறைய 7 மாதச் சம்பளம், 62,000 ரூபாயை ஒட்டி வரும். யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் அந்த 62,000-க்கு விலையாகப் போவது 7 வருட சர்வீஸ். அடுத்த வேலையில் பென்ஷனுக்கான கணக்கு மறுபடியும் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். 10 வருட சர்வீஸ் இல்லாதவருக்கு 58 வயதில் மாத ஓய்வூதியம் இல்லை.

அதே 10-சி படிவத்திலேயே இன்னொரு கட்டம் இருக்கிறது. பணம் வேண்டாம், திட்டச் சான்றிதழ் கொடுங்கள் என்று கேட்கலாம். தோட்டத்து ஆபீசிலும் கம்ப்யூட்டர் சென்டரிலும் அதை ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ என்பார்கள். “இவருக்கு 7 வருட சர்வீஸ் இருக்கிறது” என்று அரசு எழுதிக் கொடுக்கும் காகிதம். திருப்பூரில் 15,000 ரூபாய் கணக்கில் இன்னும் 5 வருடம் வேலை செய்தால் மொத்தம் 12 வருடம். சூத்திரம் எளிது. கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 15,000-ஐ 12-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்தால் மாதம் 2,571 ரூபாய். அந்த 62,000 ரூபாய் இந்தப் பென்ஷனில் இரண்டு வருடக் காசு. மூன்றாம் வருடத்திலிருந்து உயிரோடு இருக்கும் வரைக்கும் லாபம். இறந்த பிறகு துணைக்குப் பாதி.

நேர்மையாகச் சொன்னால், இது பெரிய பென்ஷன் இல்லை. 28 வயதுக்காரருக்கு 58 ஆக இன்னும் 30 வருடம். அதற்குள் 2,571 ரூபாய்க்கு என்ன வாங்க முடியும் என்பதை இன்றைய அரிசி விலையை வைத்து யோசித்தாலே வயிறு கலங்கும். 2014 செப்டம்பரில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதை 7,500 ஆக்கச் சொல்லி ஓய்வூதியர்கள் டெல்லி வரை போய்ப் போராடிக்கொண்டிருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் பென்ஷனை நானும் கேலி செய்தவன்தான். ஆனால் முழங்கால் போன 63 வயதுப் பெண்ணுக்கு, மருமகளிடம் கேட்காமல் மாத்திரை வாங்க மாதாமாதம் வரும் ஆயிரத்தைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

இதையெல்லாம் அறிவுரையாகச் சொல்ல எனக்கு யோக்கியதையும் குறைவு. இருபத்தாறு வயதில் ஓர் அச்சகத்தை விட்டபோது, மூன்று வருட சர்வீஸை 10-சி போட்டு வாங்கி, ஒரு பழைய மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு டயரும் ஊருக்குப் பொங்கல் துணியும் எடுத்தேன். அந்த மூன்று வருடம் இன்று என் கணக்கில் இல்லை. வண்டியும் இல்லை.

இனி சில நுணுக்கங்கள். 9 வருடம் 6 மாதம் ஆகியிருந்தால் அதையே 10 என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் ஒன்பதாம் வருடத்தில் கோபித்துக்கொண்டு வேலையை விடுகிறவர் கையெழுத்துப் போடுமுன் ஒரு தடவை நாட்காட்டியைப் பார்ப்பது நல்லது. அதே நேரத்தில் பேர் விழாத நாட்கள் ‘பங்களிப்பு இல்லாத நாட்கள்’ என்று பதிவாகி சர்வீஸைச் சுருக்கும். பிரசவம், வறட்சிக்காலம், யானை நடமாட்டத்தால் வேலை நின்ற நாட்கள் என்று தோட்டத்தில் இவை சேர்ந்துவிடும். எல்லைக்கோட்டில் நிற்காமல் நாலு மாதம் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். 10 வருடம் முடித்தவருக்கு 50 வயதிலேயே குறைத்த பென்ஷன் வாங்கவும் வழி உண்டு. 58-க்கு எத்தனை வருடம் முன்னால் வாங்குகிறாரோ, வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டு விழும்.

புது கம்பெனியில் சேரும்போது யு.ஏ.என். என்ற பழைய பி.எஃப். அடையாள எண்ணைக் கொடுத்தால் போதும், பி.எஃப். பணத்தையும் சர்வீஸையும் ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். சான்றிதழ்கூடத் தேவைப்படாது. ஆனால் நடப்பது வேறு. “முன்னாடி பி.எஃப். இருந்துச்சா?” என்று கேட்கும் கம்பெனி கிளார்க்கிடம் “இல்லைங்க சார்” என்று சொல்லிவிடுவது சுலபம். பழைய தோட்டத்தை இழுத்தால் வேலை தள்ளிப்போகுமோ என்ற பயம். அந்த ஒரு பொய்யில் இரண்டு கணக்குகள் பிறக்கின்றன, இரண்டும் பத்தை எட்டுவதில்லை. பணத்தை எடுக்கப் போனால் அங்கும் ஒரு வெட்டு காத்திருக்கும். தொடர்ந்து 5 வருடம் ஆகாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் 10 சதவீதம் வரி பிடிப்பார்கள், பான் அட்டை இணைக்காவிட்டால் இரட்டிப்பு. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை என்ற உறுதிமொழிப் படிவம் ஒன்று இருக்கிறது. அதைக் கொடுத்தால் பிடித்தம் இல்லை.

அடுத்த வேலையில் பி.எஃப்.பே இல்லை, மளிகைக் கடையோ வீட்டு வேலையோதான் என்றாலும் அவசரப்பட வேண்டியதில்லை. மூன்று வருடம் தொடாமல் விட்டால் வட்டி நின்றுவிடும் என்று மலை முழுக்க ஒரு பேச்சு உண்டு. அது பழைய கதை. 2016-க்குப் பிறகு, வேலையை விட்டவர் கணக்கிலும் 58 வயது வரை வட்டி ஏறும். 8.25 சதவீதம் தரும் அரசுக் கணக்கை மூடி, அந்தப் பணத்தை 7 சதவீதத்துக்கு வங்கியில் போடுவது என்ன கெட்டிக்காரத்தனமோ தெரியவில்லை. இன்னொன்றும் உண்டு. பி.எஃப்.பில் இருக்கும் வரை அந்தப் பணத்தைக் கடன்காரர் ஜப்தி செய்ய முடியாது, சட்டம் தடுக்கிறது. கைக்கு வந்த மறுநாள் அந்தக் காப்பு இல்லை.

முழுப் பணத்தையும் எடுக்கும் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. இத்தனை நாள், வேலை போய் 2 மாதம் ஆனால் முழுக் கணக்கையும் முடிக்கலாம் என்று இருந்தது. கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு அந்த 2 மாதமும் தேவைப்படவில்லை. 2025 அக்டோபர் 13-ல் கூடிய பி.எஃப். நிறுவனத்தின் மத்திய அறங்காவலர் குழு இதை மாற்ற முடிவெடுத்தது. முக்கால் பங்கை உடனே எடுக்கலாம், மீதிக் கால் பங்குக்கு 12 மாதம் காத்திருக்க வேண்டும், ஓய்வூதியப் பங்கைப் பணமாக வாங்க 36 மாதம் பொறுக்க வேண்டும் என்பது முடிவு. தொழிற்சங்கங்கள் கோபப்பட்டன, அதில் நியாயமும் உண்டு: பசித்தவனிடம் அவன் காசையே பூட்டி வைப்பதா? ஆனால் 36 மாதம் என்ற அந்த ஒரு பூட்டை மட்டும் நான் முழுதாகத் திட்டமாட்டேன். மூன்று வருடத்துக்குள் பெரும்பாலானோர் இன்னொரு வேலையில் சேர்ந்துவிடுவார்கள், சர்வீஸ் பிழைத்துக்கொள்ளும். மனு போடும் அன்று எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று பி.எஃப். நிறுவனத்தின் 14470 எண்ணில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் ஒழுங்காகப் பேர் எழுதப்பட்டவர்களுக்கு. மலையில் பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

மஸ்டர் என்ற வருகைப் பதிவேட்டில் செல்லம்மா. ரேஷன் கார்டில் செல்லம்மாள். ஆதாரில் எஸ். செல்லம்மாள், அந்த ‘எஸ்’ அப்பாவா புருஷனா என்பது ஆதார் எடுத்த பையனுக்கே வெளிச்சம். பிறந்த தேதி கேட்டால், “சிறிமா ஒப்பந்தம் போட்டு ரெண்டு வருஷத்துல” என்று சொல்லும் தலைமுறை. எழுதியவர் ஏதாவது ஜனவரி 1 அல்லது ஜூன் 1 போட்டிருப்பார். 30 வருடம் ஒழுங்காகப் பேர் விழுந்த பெண்ணுக்குக் கடைசியில் பேரே பகையாகிறது. ஒரு எழுத்து ஒத்துப்போகாமல் மனு திரும்பி வரும். கம்ப்யூட்டர் சென்டரில் ஒவ்வொரு தடவைக்கும் நூறோ இருநூறோ போகும்.

இதற்கு மருந்து ‘கூட்டு உறுதிமொழி’. தொழிலாளியும் நிர்வாகமும் சேர்ந்து, சரியான பெயரும் தேதியும் இதுதான் என்று கையெழுத்திடும் மனு. நிர்வாகம் இருக்கும்போதே, வேலையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுவதுதான் புத்தி. நீலகிரியில் தோட்டங்கள் கைமாறுகின்றன, பங்களாக்கள் ரிசார்ட் ஆகின்றன, பேர் பதிந்த பழைய செக்ரோல் புத்தகம் எந்த மூலையில் கரையான் தின்கிறது என்று யாருக்கும் தெரியாது. நிர்வாகமே மூடிப்போயிருந்தால் வங்கி மேலாளர், அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி, ஊராட்சித் தலைவர் போன்றவர்கள் சான்று கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி எல்லா மாவட்டங்களிலும் பி.எஃப். நிறுவனம் முகாம் நடத்துகிறது. ‘நிதி ஆப்கே நிகட்’ என்று அதற்கு இந்திப் பெயர், ‘உங்கள் அருகில் வைப்பு நிதி’ என்று பொருள். பாஸ்புக் பார்க்கத் தெரியாதவர்கள், பதிவு செய்த கைபேசியிலிருந்து 9966044425-க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்புத் தொகை குறுஞ்செய்தியாக வரும். வரவில்லையென்றால் அதுவும் ஒரு செய்திதான்: எண்ணோ ஆதாரோ இணைக்கப்படவில்லை என்று அர்த்தம்.

இப்படிக் கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகள் எத்தனை? 2023-24 முடிவில் நாடு முழுக்க இயக்கமில்லாக் கணக்குகள் 21.55 லட்சம், அவற்றில் கிடந்த தொகை 8,505 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு சொன்னது. கோடிக்கணக்கைப் பார்த்து மலைக்காமல் வகுத்துப் பாருங்கள். ஒரு கணக்குக்கு 40,000 ரூபாய்கூட வரவில்லை. பெரும் பணக்காரர் மறந்த பணமில்லை இது. நடையாய் நடந்து அலுத்துப்போனவர்கள் விட்டுவிட்ட பணம்.

பி.எஃப்.பைத் தவிர இன்னொரு தொகையும் உண்டு. பணிக்கொடை, தோட்டப் பேச்சில் சர்வீஸ் காசு. 5 வருடம் முடித்தவருக்கு வருடத்துக்கு 15 நாள் சம்பளம். 400 ரூபாய் நாள் சம்பளத்தில் 7 வருடத்துக்கு 42,000. இது பி.எஃப். ஆபீசிலிருந்து வராது, நிர்வாகம் தர வேண்டும், 30 நாளுக்குள். தாமதித்தால் வட்டியோடு. 1972-ன் பணிக்கொடைச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது என்றாலும் இந்த அளவுகோல் மாறவில்லை. வாய்விட்டுக் கேட்காதவருக்கு இது வராமலே போவதும் உண்டு. பி.எஃப். வந்ததும் எல்லாம் வந்துவிட்டது என்று நினைத்து ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

இப்போது 58 வயதுக்காரரிடம் வருவோம். அவருடைய கேள்வி வட்டி இல்லை, கூரை. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவராவது அதே தோட்டத்தில் பேர் போட்டால் அந்த வீடு தங்கும். இல்லையென்றால், நாற்பது வருடம் வாழ்ந்த காம்பராவை விட்டு எங்கே போவது? 2022-ல் டேன்டீயின் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு ஆணையிட்டபோது மலையில் எழுந்த கலக்கத்தின் வேர் இதுதான். பிறகு, ஓய்வு பெற்றவர்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய வீடு தருவதாகவும், பயனாளி கட்ட வேண்டிய பங்கை அரசே ஏற்பதாகவும் அறிவிப்பு வந்தது. அந்தப் பங்கை அவர்களே கட்டியிருந்தால் பி.எஃப். பணத்தில் ஒரு பெரும் பகுதி அங்கேயே போயிருக்கும். தனியார் தோட்டக்காரர்களுக்கு அந்த ஏற்பாடும் இல்லை.

அதனால்தான் ‘மூணு சென்ட்’ பேச்சு அவ்வளவு இனிக்கிறது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இப்படி ஓர் இடத்துக்கு முன்பணம் கொடுக்கப் போகிறவரிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: அது ‘செக்‌ஷன் 17’ நிலமா என்று விசாரியுங்கள். 1969-ம் ஆண்டின் கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கி, இன்னும் உரிமை தீராமல் கிடக்கும் நிலம் அங்கே ஆயிரக்கணக்கான ஏக்கர். பத்திர பேப்பரில் கையெழுத்தும் சாட்சியும் இருக்கும், பட்டா இருக்காது. பட்டா இல்லாத வீட்டுக்கு மின்சாரம் வாங்கவே வருடக்கணக்கில் மல்லுக்கட்டிய குடும்பங்கள் உண்டு. பரம்பரையாக அங்கே வாழ்பவர்களின் போராட்டம் வேறு, அதன் நியாயம் பெரியது. 58 வயதில் இருக்கும் ஒரே லட்சத்தைப் போட்டு அந்தப் போராட்டத்துக்குள் புதிதாக நுழைவது வேறு.

வீட்டுக் கவலை இல்லாதவர் என்ன செய்யலாம்? முதலில் அடகுக் கடைக்குப் போங்கள். நூற்றுக்கு இரண்டு வட்டியில் நகை இருந்தால் அது வருடத்துக்கு 24 சதவீதம். அதை மீட்பதைவிட நல்ல முதலீடு ஊட்டியிலும் இல்லை, மும்பையிலும் இல்லை. குழுக்கடனின் வாரத் தவணையையும் இந்தப் பணத்தில் முடித்துவிடலாம். அதற்குப் பிறகு மிச்சம் இருந்தால் தபால் ஆபீஸ். 60 வயது ஆனவர்களுக்கு மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2025-ல் 8.2 சதவீதம் தந்தார்கள். ஒரு லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 2,050 ரூபாய். மாத வருமானத் திட்டத்தில் 7.4 சதவீதம். வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்றுவார்கள், போட்டவருக்குப் போட்ட நாளின் வட்டிதான் கடைசி வரை. இதற்கு மேல் யாராவது மாதம் மூன்று வட்டி, நான்கு வட்டி என்று லைன் வாசலுக்கே வந்து சொன்னால், அவரை டீ கொடுத்து அனுப்பிவிடலாம்.

கடைசியாக ஒரு காட்சி. நீலகிரித் தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். நம் பிள்ளைகள் திருப்பூருக்கு இறங்க, காலியான காம்பராக்களில் அவர்கள் ஏறியிருக்கிறார்கள். எக்கா, டொப்போ, குஜூர் என்று அவர்கள் குடும்பப் பெயர்கள். அதைக் காதில் வாங்கி எழுதுபவர் தமிழ்க் கணக்கப்பிள்ளை. ஒரு காலத்தில் காத்தாயி என்றும் பேச்சாயி என்றும் சொன்னதை ஆங்கிலத்தில் எப்படி எப்படியோ எழுதிவைத்த பழைய செக்ரோல்களின் வாரிசு அவர். இரண்டு வருடம் பேர் விழுந்த பிறகு டொப்போ குடும்பம் ஒன்று கோயம்புத்தூரில் தன்பாத் ரயிலைப் பிடித்து ராஞ்சிக்குப் போய்விடும். தோட்டத்துப் புத்தகத்தில் ‘தொப்பா’ என்று எழுதியதும் ஆதாரில் ‘டொப்போ’ என்று இருப்பதும் ஒரே ஆள்தான் என்று அங்கிருந்து அந்தத் தொழிலாளி யாருக்கு நிரூபிப்பார்? அவர் மலையிறங்கும் முன்பே, ஆபீஸ் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஆதார் அட்டையை வாங்கி, எழுத்துக் கூட்டி, ஒரு தடவை சத்தமாக வாசித்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும்.